கோடை விழா மாலைக்கு யுகாட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏதாவது ஓர் ஊரில் வாணவேடிக்கையோ கோயில் விழாவோ இல்லாத வாரக்கடைசியைக் காண்பது அரிது. அந்த மாலைகளில் தொடர்வண்டிப் பெட்டிகள் நிறைய யுகாட்டா என்ற மெல்லிய கோடை அங்கி அணிந்தவர்களே தென்படுவார்கள். முதன்முறையாக அதை அணிய விரும்புபவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான ஐயங்களோடுதான் வருகிறார்கள். அவற்றுள் எவை மீறக்கூடாத விதிகள், எவை வெறும் வழக்கங்கள், எவை கடைக்காரரின் விற்பனைப் பேச்சு என்பதைப் பிரித்துச் சொல்வதே இப்பக்கத்தின் நோக்கம்.

யுகாட்டாவும் கிமோனோவும் ஒன்றா?

வெட்டும் தைப்பும் ஏறத்தாழ ஒன்றே. தகுதியும் பயனும் வேறு. ஏறக்குறைய 36 முதல் 38 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே துணிச்சுருளை நேர்கோடுகளாக மட்டும் வெட்டித் தைப்பது இரண்டுக்கும் பொது. ஆனால் யுகாட்டா உள்துணி இல்லாத ஒற்றை அடுக்கு ஆடை. அதன் அடியில் கழுத்துப்பட்டி தெரியும்படியான வேறோர் அங்கி அணிவதில்லை; காலுறையும் போடுவதில்லை.

இந்த எளிமைக்குக் காரணம் அதன் பிறப்பிடம் குளியலறை என்பதுதான். ஹெயான் காலத்து (8 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை) உயர்குடியினர் நீராவிக் குளியலின்போது அணிந்த ‘யுகாட்டாபிரா’ என்ற நார்த்துணி அங்கியின் பெயரே சுருங்கி யுகாட்டா ஆயிற்று. இடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) பருத்தி எளிய மக்களுக்கும் எட்டும் பொருளாகி, ஊர்ப் பொதுக்குளியல் கூடங்களும் பெருகியபோது, குளித்து முடித்தவர்கள் அதை அணிந்தபடியே வீதியில் காற்று வாங்கத் தொடங்கினர். அங்கிருந்து விழாத் திடல் அதிகத் தொலைவில் இல்லை. எனவே திருமணம், தேநீர்ச் சடங்கு, உயர்தர உணவகம் போன்ற இடங்களுக்கு இது பொருந்தாது. அதே காரணத்தால், பட்டுக் கிமோனோவைச் சூழ்ந்துள்ள கெடுபிடிகள் பலவும் இதற்கு இல்லை.

எந்த விழாவுக்கு அணியலாம்?

ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர்த் தொடக்கம் வரை திறந்தவெளியில் நடக்கும் எதற்கும் அணியலாம். கியோட்டோவில் கி.பி. 869ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் வேர்கொண்ட கியோன் விழாவின் முன்மாலைகள், அதாவது ஜூலை 14, 15, 16 ஆகிய நாள்கள், யுகாட்டாவுக்கென்றே அமைந்தவை போன்றவை. 17ஆம் தேதித் தேரோட்டத்துக்குக் காத்திருக்கும் உயர்ந்த தேர்களில் விளக்குகள் ஏற்றப்பட்டிருக்கும், மணிகளும் குழலும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஒசாகாவின் தென்ஜின் விழா ஜூலை 24, 25 தேதிகளில் வருகிறது. தோக்கியோவின் சுமிதா ஆற்று வாணவேடிக்கை வழக்கமாக ஜூலையின் கடைசிச் சனிக்கிழமையில் நடைபெறும்.

ஆனால் யுகாட்டாவை அணிந்து நின்று பார்ப்பதைவிட அதை அணிந்து ஆட விரும்புபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கிஃபு மாநிலத்தின் குஜோ ஊரைத்தான். ஜூலை நடுவில் தொடங்கிச் செப்டம்பர் தொடக்கம் வரை முப்பது இரவுகளுக்கு மேல் அங்கே தெருவில் வட்டமாக ஆடுகிறார்கள். ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடியும்வரை ஆட்டம் தொடரும். அங்கு பார்வையாளர், ஆடுபவர் என்ற பிரிவே கிடையாது. மரப் பாதக்குறடுகள் ஒரே தாளத்தில் தரையில் மோதும் ஒலி அந்த இசையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது.

ஜப்பானியர் அல்லாதவர் அணிந்தால் தவறாக எண்ணுவார்களா?

பொதுவாக இல்லை. துணி நெய்பவர், சாயமிடுபவர், வாடகைக்குத் தருபவர் எனப் பலரின் பிழைப்பு இன்று வெளியிலிருந்து வருபவர்களையும் நம்பியிருக்கிறது. பாட்டிமார் சிலர் வழியில் நிறுத்தி, உங்கள் முதுகுப்புறத் தையலைச் சரிசெய்துவிட்டுப் போகக்கூடும்; அதைக் குறைகூறலாக அல்லாமல் பரிவாகவே கொள்ள வேண்டும்.

இடப்பக்கம் மேலா, வலப்பக்கம் மேலா?

மீறக்கூடாத விதி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதுதான். அணிபவரின் வலப்பக்கத் துணி முதலில் உடலோடு ஒட்ட வேண்டும். அதன்மேல் இடப்பக்கத் துணி வர வேண்டும். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு இதில் இல்லை. மாற்றிச் சுற்றுவது இறந்தவருக்கு இறுதி உடை அணிவிக்கும் முறை. கி.பி. 719ஆம் ஆண்டிலேயே மக்கள் அனைவரும் வலப்பக்கத்தை உள்ளே வைத்தே உடுக்க வேண்டும் என அரசவை ஆணையிட்டதாக ஜப்பானின் பழைய வரலாற்று நூல் பதிவு செய்கிறது.

ஜப்பானியர் இதை ‘வலம் முன்’ என்ற பொருளில் ‘மிகிமாயே’ என்று அழைப்பதால் புதியவர்களுக்குக் குழப்பம் நேர்கிறது. அங்கே ‘முன்’ என்பது ‘முதலில்’ என்று பொருள்படுமே தவிர ‘வெளிப்பக்கம்’ என்று அல்ல. சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: உங்கள் வலக்கையை மார்புப் பக்கத் துணி மடிப்புக்குள் தடையின்றி நுழைக்க முடிந்தால் சரியாகச் சுற்றியிருக்கிறீர்கள். கைப்பேசியில் தன்னைத்தானே எடுக்கும் படங்கள் சிலவற்றில் இடவலம் மாறித் தெரியும் என்பதால், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சரியாக இருந்ததைக் கலைத்து மாற்றிக் கட்டிவிட வேண்டாம்.

துணியையும் நிறத்தையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் துணி. வியர்வை சொட்டும் ஜப்பானியக் கோடைக்குப் பருத்தியே முதல் தேர்வு. பருத்தியும் லினனும் கலந்தது இன்னும் நன்று. தொகுப்பாக மலிவு விலையில் விற்கப்படும் பாலியஸ்டர் யுகாட்டாக்கள் கசங்குவதில்லை, விரைவில் காய்கின்றன. ஆனால் காற்றில்லாத கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுக்க நேரிடும். தொக்குஷிமாவின் ‘ஷிஜிரா’ நெசவு, நீகாதா மாநிலத்தின் ஓஜியாவில் ராமி என்ற செடியின் நாரால் நெய்யப்படும் சுருக்கத் துணி ஆகியவற்றின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருப்பதால் அவை தோலில் ஒட்டுவதில்லை. ஓஜியாத் துணி யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2009இல் இடம்பெற்றது, விலையும் அதற்கேற்றதே.

அடுத்தது சாயம். ‘சூசென்’ என்ற முறையில் துணியை அடுக்கடுக்காக மடித்துவைத்துச் சாயத்தை மேலிருந்து ஊற்றிக் கீழிருந்து உறிஞ்சி இழுப்பதால், துணியின் இருபுறமும் ஒரே அழுத்தத்தில் நிறம் ஏறும். நடக்கும்போது கீழ்விளிம்பு விலகி உட்புறம் தெரியும் ஆடையில் இது சிறிய செய்தி அல்ல. அச்சிட்ட துணியின் வெளிறிய மறுபுறத்தை ஒருமுறை கவனித்தவர்கள் பிறகு கடைக்குச் சென்றால் முதலில் துணியைப் புரட்டித்தான் பார்ப்பார்கள். இன்று நகோயா நகரின் ஒரு பகுதியான அரிமட்சுவில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் செய்யப்படும் ‘ஷிபோரி’ முடிச்சுச் சாயத்துணி இன்னொரு வகை. நூலால் இறுக்கிக் கட்டிய இடங்கள் புடைத்தே நிற்பதால் அதுவும் உடலைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்.

நிறத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: வெண்ணிறப் பின்புலத் துணி வீட்டுக்கும் குளியலுக்கும், அவுரி நீலப் பின்புலத் துணி வெளியே செல்வதற்கும் உரியன என்பார்கள். இன்று யாரும் அதைக் கட்டாயமாகப் பார்ப்பதில்லை. எனினும் இருட்டில் கருநீலத்தின்மேல் வெள்ளைப் பூ எடுத்துக்காட்டும் அழகை வேறு எந்தச் சேர்க்கையும் எட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

சித்திரங்களில் காலையில் மலரும் கொடிப்பூ, தங்கமீன், வாணவேடிக்கை, நீரலை ஆகியவை கோடைக்கு உரியவை. தும்பி பின்வாங்காமல் முன்னோக்கியே பறக்கும் பூச்சி என்பதால் ‘வெற்றிப் பூச்சி’ எனப் பெயர்பெற்று, போர்வீரர் காலத்திலிருந்து ஆண்களின் துணிகளில் இடம்பெறுகிறது. வேகமாக நெடிது வளரும் சணலின் இலை வடிவம் குழந்தைகளின் ஆடைகளில் மிகுதி.

கோடுபோட்ட துணியை எடுப்பவர்களுக்கு ஒரு சிறு செய்தி. இடோ காலத்தில் கடல்வழி வந்து நகரத்து மக்களைக் கவர்ந்த மெல்லிய வரிப்பருத்திக்கு ஜப்பானிய மொழியில் ‘சந்தோமே’ என்று பெயர். சோழமண்டலக் கரையில், இன்றைய சென்னையின் ஒரு பகுதியாகிவிட்ட சாந்தோமின் பெயரே அது. பிற்காலத்தில் கவாகோயே போன்ற ஊர்கள் அதைப் பார்த்து நெய்யத் தொடங்கின.

அளவு எப்படிப் பார்ப்பது?

பெண்களுக்கு ஆடையின் நீளம் ஏறக்குறைய அவர்களின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் போதும். ஐந்து சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் இடுப்பு மடிப்பில் சரிக்கட்டிவிடலாம். ஆண்களுக்கு அப்படி மடிப்பு இல்லை என்பதால் நீளம் மிகச் சரியாக இருந்தாக வேண்டும். கீழ்விளிம்பு கணுக்காலருகே நிற்க வேண்டும். உயரமானவர்கள் நீளத்தைவிடக் கையின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனெனில் பிடரி நடுவிலிருந்து மணிக்கட்டு வரை எட்டாத கையை எந்தக் கட்டுமுறையாலும் நீட்ட முடியாது.

உள்ளே என்ன அணிவது?

வெளிர்நிற யுகாட்டா விளக்கொளியில் ஊடுருவித் தெரியும் என்பதால் பெண்கள் மெல்லிய பருத்தி உள்ளாடையும், ஆண்கள் முழங்காலைத் தாண்டும் தளர்ந்த ‘சுடெடெகோ’ காற்சட்டையும் அணிவது நல்லது. இந்த ஆடை வளைவுகளை மறைத்து உருளை வடிவத்தை விரும்புவது. எனவே இடுப்பு ஒடுங்கியிருந்தால் ஒரு துண்டை மடித்துச் சுற்றிக்கொள்வார்கள். அது வியர்வையையும் வாங்கிக்கொள்ளும்.

பெண்கள் தாமாக அணிவது எப்படி?

தேவையானவை யுகாட்டா, ‘கொஷிஹிமோ’ எனப்படும் இரண்டு கட்டுக்கயிறுகள், ஓபி என்ற இடைக்கச்சை, அதனுள் செருகும் தட்டையான அட்டை, முழு உருவம் தெரியும் கண்ணாடி. முதல்முறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழகியவர்களுக்கு இருபது நிமிடம் போதும்.

கைகளை நுழைத்தபின் முதுகுத் தையல் தண்டுவடத்தின்மேல் வருகிறதா என்று பாருங்கள். கழுத்துப்பட்டியின் இரு முனைகளையும் முன்னால் சேர்த்துப் பிடித்து, கீழ்விளிம்பு கணுக்கால் எலும்பைத் தொடும் உயரத்துக்கு ஆடை முழுவதையும் தூக்குங்கள். அந்த உயரத்தை இழக்காமல், முதலில் இடப்பக்கத்தைச் சுற்றி அதன் ஓரம் வலது இடுப்பெலும்பின் பக்கவாட்டில் வருமாறு அளவு பார்த்துவிட்டு, மீண்டும் திறந்து, வலப்பக்கத்தைச் சுற்றுங்கள். அதன் கீழ்முனையை ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக மேலே தூக்கிவிடுங்கள். பிறகு இடப்பக்கத்தை மேலே போர்த்தி அதன் முனையையும் சிறிது உயர்த்துங்கள். கீழே போகப் போக ஒடுங்கும் வடிவம் இந்த இரண்டு சிறு தூக்கல்களால்தான் கிடைக்கிறது. இதைத் தவறவிட்டவர்களின் ஆடை மணி கவிழ்த்ததுபோல் விரிந்து நிற்கும்.

இப்போது முதல் கயிற்றை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே இறுக்கமாகக் கட்டுங்கள். நாள் முழுவதும் ஆடையைத் தாங்கப்போவது இது ஒன்றே. இங்கே மட்டும் இறுக்கத்துக்குத் தயங்க வேண்டாம். அக்குளின் கீழுள்ள திறப்புகள் வழியாகக் கைகளை உள்ளே விட்டு, கயிற்றின்மேல் தொங்கும் மிகுதித் துணியை முன்னும் பின்னும் நீவிக் கீழே இறக்குங்கள். அந்த மடிப்புக்கு ‘ஒஹாஷோரி’ என்று பெயர். ஓபிக்குக் கீழே சுட்டுவிரல் நீளத்துக்குத் தெரிந்தால் அழகு.

அடுத்தது பிடரி. முதுகுத் தையலை மெல்லக் கீழே இழுத்து, கழுத்துக்கும் பட்டிக்கும் இடையே ஒரு கைமுட்டி நுழையும் இடைவெளி விடுங்கள். முன்பக்கம் தொண்டைக்குழி மறையுமளவுக்குப் பட்டிகளைச் சேர்த்து, மார்புக்குக் கீழே இரண்டாம் கயிற்றை மிதமான இறுக்கத்தில் கட்டினால் ஆடை முடிந்தது.

ஓபியின் ஒரு முனையில் ஏறத்தாழ அரை மீட்டரை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மீதியை இரண்டு சுற்றுச் சுற்றி, முன்பக்கமே முடிச்சிடுங்கள். நீண்ட முனையைத் தோளகலத்துக்கு மடித்து நடுவில் சுருக்கி, குறுகிய முனையால் சுற்றிக் கட்டினால் ‘புங்கோ’ என்ற வண்ணத்துப்பூச்சி வடிவம் கிடைக்கும். பிறகு வயிற்றை உள்ளிழுத்து, முடிச்சை உங்கள் வலப்பக்கமாகவே முதுகுக்குத் திருப்புங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் மார்பின் மடிப்பு கலைந்துவிடும். கடைசியாக முன்பக்கச் சுற்றுகளுக்கிடையே அட்டையைச் செருகுங்கள்.

முடிச்சு வரவே இல்லை, என்ன செய்வது?

முன்கூட்டியே முடிச்சிட்டுத் தைத்த ஓபிகள் கிடைக்கின்றன: பட்டையை இடுப்பில் சுற்றி, முதுகில் வண்ணத்துப்பூச்சியைக் கொக்கியால் மாட்டினால் போதும். மென்மையான ‘ஹெக்கோ ஓபி’ இன்னொரு வழி. ரிப்பன் கட்டுவதுபோல் எளிதாகக் கட்டலாம். கோணலாக இருந்தாலும் அது வேண்டுமென்றே செய்ததுபோல் தெரியும். இவை இரண்டையும் குறைவாக எண்ணத் தேவையில்லை.

ஆண்களுக்கு என்ன வேறுபாடு?

இடுப்பு மடிப்பும் இல்லை, பிடரி இடைவெளியும் இல்லை. கழுத்துப்பட்டி கழுத்தோடு ஒட்டியே நிற்கும். ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள விறைப்பான ‘காக்கு ஓபி’யை வயிற்றின்மேல் அல்லாமல், அதற்குக் கீழே இடுப்பெலும்பில் கட்டுவார்கள், முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் சற்று உயர்ந்தும் இருக்க வேண்டும். ‘சிப்பியின் வாய்’ என்று பொருள்படும் ‘காய் நோ குச்சி’ முடிச்சை முதுகின் நடுவிலிருந்து சிறிது விலக்கி வைப்பது வழக்கம். ஒல்லியானவர்கள் வயிற்றில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் ஓபி மேலேறாது. தொப்பை உள்ளவர்களுக்கு இந்த ஆடை இயல்பாகவே அமைந்துவிடுவது, வேறெந்த ஆடையிலும் அவர்களுக்குக் கிடைக்காத சலுகை.

தங்கும் விடுதியில் தரும் யுகாட்டாவுடன் விழாவுக்குப் போகலாமா?

கினோசாக்கி போன்ற வெந்நீரூற்று ஊர்களில் விடுதி யுகாட்டாவும் பாதக்குறடும் அணிந்து ஒரு குளியல் கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதே அந்த ஊரின் வழக்கம். அங்கே தாராளமாகப் போகலாம். பெருநகர விழாக்களுக்கு அது ஏற்றதல்ல, ஏனெனில் அந்த உடை இரவு உடைக்கு நிகரானது; மெல்லிய கச்சை கூட்டத்தில் தளர்ந்தும் விடும்.

வாங்குவது நல்லதா, வாடகைக்கு எடுப்பது நல்லதா?

ஒரே ஒரு மாலைக்கு என்றால் வாடகைதான். கியோட்டோ, தோக்கியோவின் அசாகுசா போன்ற இடங்களில் சில ஆயிரம் யென்னுக்கு உடை, ஓபி, பாதக்குறடு, பை அனைத்தையும் தந்து அணிவித்தும் விடுவார்கள். கவனிக்க வேண்டியது திருப்பித்தரும் நேரம்: பல கடைகள் மாலை ஐந்து அல்லது ஆறு மணிக்கு மூடிவிடும், வாணவேடிக்கையோ ஏழு மணிக்குப் பிறகுதான் தொடங்கும். மறுநாள் திருப்பித்தரும் வசதி உண்டா என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

காலில் என்ன போடுவது? வலிக்குமா?

வெறுங்காலில் ‘கெட்டா’ எனப்படும் மரப் பாதக்குறடு. வலிக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் வலியின் பாதிக் காரணம் அணியும் முறை: பட்டையைக் கட்டைவிரல் இடுக்கின் அடிவரை தள்ளி இறுக்கக் கூடாது, சிறிது இடைவெளி விட்டு விரல்களால் பற்றிக்கொள்ள வேண்டும். குதிகால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் சரியான அளவு. புதிய பட்டையை முந்தைய நாளே கையால் இழுத்துத் தளர்த்துங்கள்; பிசின் ஒட்டுப் பட்டிகளைப் புண் வருவதற்கு முன்பே விரலிடுக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள். நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தால் சாதாரணச் செருப்பு அணிவதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை.

இது உண்மையில் குளிர்ச்சியான ஆடையா?

பாதி உண்மை. கை, அக்குள், பிடரி ஆகிய திறப்புகள் வழியாகக் காற்று நன்றாகவே நுழைகிறது. ஆனால் பெண்களுக்கு இடுப்பைச் சுற்றித் துண்டு, கயிறு, மடிப்பு, இரண்டு சுற்று ஓபி எனப் பல அடுக்குகள் சேர்கின்றன. வெயில் 35 பாகையைத் தாண்டும் நாள்களில் பொழுது சாய்ந்தபின் கிளம்புங்கள். சிறு பனிப்பொதியைக் கைத்துண்டில் சுற்றி ஓபிக்குள் செருகுவது பலரும் செய்யும் உபாயம். விசிறியைக் கையில் வைத்துச் சலித்தால் முதுகுப்புற ஓபியில் செருகிக்கொள்ளலாம்; அதுவே ஓர் அணியாகவும் அமையும்.

நடப்பது, உட்காருவது, கழிப்பறை செல்வது எல்லாம் எப்படி?

அடியைக் குறுக்கி, பாதங்களைச் சற்று உள்நோக்கி வைத்து நடந்தால் முன்பக்கம் விலகாது. படியேறும்போது வலக்கையால் முன்விளிம்பைச் சிறிது தூக்கிக்கொள்ளுங்கள். இருக்கையில் சாய்ந்தால் முடிச்சு நசுங்கும் என்பதால் நுனியில் அமர்வதே வழி. கடையில் பொரித்த நூடுல்ஸை எட்டி வாங்கும்போது மறுகையால் தொங்கும் கைப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழம்புக் கறை பெரும்பாலும் அங்கேதான் படிகிறது. பணமும் கைப்பேசியும் சுருக்குப் பையில் அடங்கும்.

கழிப்பறையில் மேலடுக்கு, கீழடுக்கு, உள்ளாடை என ஒவ்வொன்றாகத் தூக்கி ஓபிக்குள் செருகி, முடிந்தபின் எதிர்வரிசையில் இறக்க வேண்டும். ஆடையை அவிழ்க்க வேண்டியதில்லை.

நடுவழியில் கலைந்துவிட்டால்?

மார்புப் பக்கம் தளர்ந்தால், அக்குள் திறப்பு வழியாக இடக்கையை விட்டு உட்பட்டியை இழுத்து, ஓபிக்குக் கீழுள்ள மடிப்பைப் பிடித்து மேற்பட்டியையும் இழுங்கள். பிடரி கழுத்தை நெருக்கினால், பின்பக்கம் ஓபிக்குக் கீழே உள்ள துணியைப் பிடித்து இழுத்தால் போதும். கீழ்விளிம்பு இறங்கினால், மடிப்பைத் தூக்கி அடித்துணியை முதல் கயிற்றுக்குள் மேல்நோக்கிச் செருகுங்கள். முதல் கயிறே அவிழ்ந்துவிட்டால் மட்டும் தெருவில் நின்று போராடாமல் ஒதுக்கிடம் தேட வேண்டும்.

வீட்டிலேயே துவைக்கலாமா?

பருத்தியைத் துவைக்கலாம். அவுரிச் சாயம் முதல் சில சலவைகளில் நிறம் விடும் என்பதால் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் குளிர்ந்த நீரில் தனியே அலசுங்கள். இயந்திரத்தில் போடுவதானால் மடித்து வலைப்பையில் இட்டு, பிழியும் நேரத்தைக் குறைத்துவிடுங்கள். இரு கைகளின் வழியாக ஒரு கழியைச் செருகி, தையல்களைக் கையால் நீவி, நிழலில் உலர்த்தினால் இஸ்திரி பெரும்பாலும் தேவைப்படாது. மெல்லிய கஞ்சி விறைப்பு அடுத்த முறை அணியும்போது துணியைத் தோலிலிருந்து விலக்கி வைக்கும். ஆனால் பருவம் முடிந்து பெட்டியில் வைக்கும்முன் அந்தக் கஞ்சியை அலசி நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும், மஞ்சள் படியும். வெட்டு முழுவதும் நேர்கோடுகளே என்பதால், தையல் வழியே மடித்தால் அகன்ற ஆடையும் ஒரு நீள்சதுரப் பொதியாக இழுப்பறைக்குள் அடங்கிவிடும்.